தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

எனக்குத் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை பார்த்தபோது கும்பகோணத்தில் எங்கள் பெரியம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பூட்டு ஊருக்குப் போறேடி. வாயையும் ஒரு பூட்டுப் போட்டு வெச்சுக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாயைப் பூட்டினேனோ இல்லையோ, வந்து இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

வந்த புதிதில் என்னை அசர அடித்தது பூட்டு இல்லை, தண்ணீர்தான். காவிரிக் கரைப் பெண் நான். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். இங்கே வந்த மறுநாள் காலையில் மாமியார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதலில் காட்டியது சமையல்கட்டை அல்ல. வரிசையாக வைத்திருந்த குடங்களை! "இது குடிக்க, இது சமைக்க, இது பாத்திரத்துக்கு. மாத்தி மோந்துறாதம்மா" என்றார். பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு.

ஊருக்குக் குடிதண்ணீர் மேற்கே கொடைக்கானல் மலை அடிவாரத்தில் இருக்கிற ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. பிற்பாடு காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்க் காவிரியே குழாய் வழியாக என் பின்னாலேயே வந்துவிட்டாள் என்று நான் பெருமையடித்துக் கொள்வேன். ஆனாலும் தினம் தினம் குழாயைத் திருகினால் கொட்டுகிற ஊர் இது இல்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, லாரித் தண்ணீருக்காக ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கு இடம் விடுகிறார்களோ இல்லையோ, வாசலிலோ பக்கச் சந்திலோ தரைக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டாமல் இருக்க மாட்டார்கள். 'சம்ப்' என்று சொல்வோம். ஆள் உயரத்துக்குக் குறையாத ஆழம், மேலே இரும்புத் தகட்டு மூடி. தண்ணீர் விடுகிற அன்று அது நிரம்பிவிட்டால் அடுத்த முறை வரை கவலையில்லை. நம் வீட்டு ரிசர்வ் பாங்க்!

நான் சொல்ல வந்தது இந்தத் தொட்டியைப் பற்றித்தான். அதற்கு முன்னால் எங்கள் காலனியின் கரும்பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டவுனுக்கு வெளியே, கிழக்கே பார்த்தால் சிறுமலை, மேற்கே திரும்பினால் மலைக்கோட்டைப் பாறை என்று இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் காலனி. திண்டு மாதிரி இருக்கிற கல் என்பதால்தான் ஊருக்கே திண்டுக்கல் என்று பேர் என்பார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், யாரோ தூங்கி எழுந்து தலையணையைச் சரி செய்யாமல் போன மாதிரியேதான் இருக்கும். பிள்ளையார் கோயில் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினம் காலையில் சாக்பீஸும் கையுமாக வந்து, முத்து முத்தான கையெழுத்தில் சமாசாரம் எழுதுவார். எல்லோர் கையிலும் போன் இருக்கிற இந்தக் காலத்திலும், பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு அந்தப் பலகையைப் படிக்காமல் யாரும் நகர மாட்டோம்.

என்ன எழுதுவார் தெரியுமா? நாளை தண்ணீர் எந்தத் தெருவுக்கு, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் எப்போது நிற்கும், தெரு நாய்க்கு ஊசி போட எந்தக் கிழமை வருகிறார்கள், இவையெல்லாம் இருக்கும். "நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று வருகிறவர்களை வாசற்படி ஏற்றாதீர்கள்." "மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று போனில் செய்தி வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்." "காஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906." "வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகவும்." 2024 டிசம்பர் 12-ம் தேதி ராத்திரி திருச்சி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட 6 பேர் போய்விட்டார்கள். ஊரே அழுதது. மறுநாள் பலகையில் ஒரே வரிதான் இருந்தது: "தீ என்றால் லிப்டில் ஏறாதீர்கள், படியில் இறங்குங்கள்."

போன கோடையில் ஒருநாள், "தொட்டி மூடிகளைப் பூட்டி வையுங்கள். குழந்தைகள் விடுமுறைக்கு வரும் காலம்" என்று எழுதியிருந்தார். நானும் படித்தேன். 'ஆமாம், நல்ல விஷயம்' என்று நினைத்துக் கொண்டேன். தேங்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுப் பீரோவுக்குப் பூட்டு. வாசல் கேட்டுக்குப் பூட்டு. மாடிக் கதவுக்குப் பூட்டு. மாமனார் காலத்து மரப்பெட்டியில் பழைய வேஷ்டிகளைத் தவிர ஒன்றுமில்லை, அதற்குக்கூடக் கைப்பிடி கனத்தில் ஒரு மாங்காய்ப் பூட்டு! ஆனால் தொட்டி மூடிக்கு? ஒரு பாதிச் செங்கல் மேலே வைத்திருந்தோம், காற்றில் தகடு சத்தம் போடக் கூடாதென்று.

அடுத்த வாரமே கும்பகோணத்திலிருந்து என் தங்கை வந்தாள், ஒன்றரை வயசுப் பையனோடு. கால் முளைத்த குழந்தை. ஓரிடத்தில் நிற்காது. அவர்கள் வீட்டில் மேலே டாங்க் உண்டு, தரையில் தொட்டி கிடையாது. அதனால் அவளுக்கும் அந்தப் பயம் பழக்கமில்லை. எனக்கோ, என் பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டதால், மறந்தே போய்விட்டது.

அன்று தண்ணீர் வருகிற முறை. மூடியைத் திறந்து, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்படியே திறந்து போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் பால். தங்கை குளிக்கப் போயிருந்தாள். "அக்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் "ம்" என்றேன். கூடத்தில் டம்ளரை வைத்துத் தட்டி விளையாடிக் கொண்டிருந்தான் குழந்தை. பால் பொங்கி வர, அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்தேன். அவ்வளவுதான். சத்தம் நின்றது.

எத்தனையோ அம்மாக்களுக்கு இது தெரியும். குழந்தை சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் நின்றால்தான் வயிறு கலங்கும். ஓடினேன். தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் டம்ளரோடு, மாமியார் மோந்து கொடுப்பதைப் பார்த்தானே, அதே மாதிரி மோக்கப் பார்க்கிறான். இடுப்பு வரை உள்ளே தொங்குகிறது. ஜட்டியைப் பிடித்துத்தான் இழுத்தேன். டம்ளர் உள்ளே விழுந்த 'ப்ளக்' என்ற சத்தம் இப்போதும் ராத்திரியில் கேட்கிறது.

குழந்தை அழவில்லை. நான்தான் அழுதேன். தங்கையிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பூராவும் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறி நாகல்நகர் போனேன். என் வீட்டுக்காரர், "ஒரு பூட்டுக்கு அவ்வளவு தூரமா? முக்குக் கடையிலேயே கிடைக்குமே" என்றார். கிடைக்கும். ஆனாலும் எனக்கு என்னவோ, பூட்டு செய்கிறவர் கையிலிருந்து வாங்கினால்தான் மனசு ஆறும் போலிருந்தது.

காமராஜர் பஸ் நிலையத்தில் இறங்கினால் காலை நேரத்தில் மல்லிகை வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வரும். கூடையில் சிறுமலை வாழைப்பழம். தோல் கறுத்துச் சுருங்கினால் கெட்டுப்போச்சு என்று வெளியூர்க்காரர்கள் ஒதுக்குவார்கள். அப்போதுதான் அதற்குத் தித்திப்பே. இரண்டு சீப்பு வாங்கிக் கொண்டேன். ரயில் நிலையம் தாண்டிப் போனால் நாகல்நகர். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிற பகுதி. அதன் சந்துகளிலும், நல்லாம்பட்டி மாதிரி சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும்தான் பூட்டுப் பட்டறைகள். பட்டறை என்றதும் பெரிசாக நினைக்காதீர்கள். வீட்டுத் திண்ணைதான். அரம் தேய்க்கிற 'கிரீச் கிரீச்' சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முன்னே தெரு முழுக்கக் கேட்ட சத்தம், இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக. அலிகாரிலிருந்து மிஷினில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்கிவிட்டது. கையால் அரம் பிடிக்கப் பையன்கள் வருவதில்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதில் பெருமை உண்டு, கூலி ஏறவில்லை என்றார் நான் போய் நின்ற பட்டறைப் பெரியவர்.

"என்ன தாயி, என்ன பூட்டு வேணும்?"

"தண்ணித் தொட்டி மூடிக்குங்க ஐயா."

"தொட்டிக்கா? உள்ள என்ன, நகையா போட்டு வச்சிருக்க?" என்று சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

முதலில் மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாகத் தகடுகள். லீவர் என்கிறார்கள். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் அதனதன் அளவுக்குச் சரியாக எழும்பினால்தான் தாழ் நகரும். ஒன்று மயிரிழை குறைந்தாலும் நகராது. அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த அளவைக் கொண்டு வருவதால், ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கள்ளச் சாவி போட்டால் சாவியையே பிடித்துக்கொள்கிற பூட்டுகூட உண்டாம்.

"ஆனா தாயி, இதெல்லாம் திருடனுக்கு. உனக்கு வந்த திருடன் ஒன்றரை வயசு. அவனுக்கு எட்டு லீவர் வேணாம்" என்றார். சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் ஓரத்தில் இரும்பு துருப்பிடித்து, அவசரத்துக்குத் திறக்காதாம். எண்ணெய் விடாதே, தூசி பிடித்துப் பிசினாகிவிடும். பென்சில் கரியைப் பொடி பண்ணிச் சாவியில் தடவித் திருப்பு என்றார். இது எனக்குப் புதுசு. வீட்டு பீரோவுக்கும் செய்து பார்த்தேன், வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் நான் எதிர்பார்க்காதது. "நேத்து மூடி மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

"திறந்துதான் ஐயா இருந்தது."

"அப்ப என் பூட்டு என்ன செய்யும்? பூட்டினாத்தான் அது பூட்டு. தண்ணி பிடிக்கிற அன்னிக்கு மணிக்கணக்கா தொறந்து கெடக்குமே, அதுக்கு என்ன வழி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். மூடிக்குக் கீழே தொட்டி வாயில் ஒரு கம்பிக் கிராதி போடச் சொன்னார், ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி. கம்பிக்கும் கம்பிக்கும் நாலு விரல் இடைவெளி, குழந்தையின் தலை நுழையக் கூடாது. மூடி திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்கலாம், குழாய் விடலாம், குழந்தை விழாது. கிராதியும் கீலோடு இருந்தால் தொட்டி கழுவும்போது தூக்கிக் கொள்ளலாம். கிராதிக்கும் கொண்டி, மூடிக்கும் கொண்டி. "தகடு துருப்பிடிச்சு கொண்டி ஆடுச்சுன்னா எம்புட்டு நல்ல பூட்டும் வீண். மொதல்ல கொண்டியும் நாதாங்கியும் பாரு, பொறவு பூட்டு வாங்கு" என்று பூட்டு விற்கிறவரே சொன்னார் பாருங்கள்! இரண்டு பூட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் பேரப்பிள்ளைகளுக்கு என்று வைத்துவிட்டு வந்தேன்.

வெல்டிங் பட்டறைப் பையனைக் கூப்பிட்டு இரண்டே நாளில் கிராதி போட்டாயிற்று. சாவி இரண்டு. ஒன்று சமையல்கட்டு நிலையில், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற ஆணியில். இன்னொன்று மாமியார் இடுப்பில். அவர் இடுப்பிலிருந்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அது வேறு கதை.

மூடி இறுக்கமாக உட்கார்ந்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. 2017-ல் தமிழ்நாடு முழுக்க டெங்கு வந்து படுத்தியது நினைவிருக்கும். அந்தக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நாம் பொத்திப் பொத்திச் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் இடும். பகலில்தான் கடிக்கும். தொட்டியில், டிரம்மில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைத்துவிடுமாம். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே டிரம்மையும் குடத்தையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உள் பக்கத்தைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரிய தொட்டியைக் கழுவ ஆள் இறக்குவதாக இருந்தால், மோட்டார் சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாள்பட மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுவிடக் காற்றுப் போதாமல் போகலாம். இறங்கியவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் குதிக்கக் கூடாது. 101-ஐக் கூப்பிட வேண்டும்.

எங்கள் தெருவில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்களை உட்கார வைத்து, தலையணையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 1 வயசு முதல் 4 வயசு வரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு நாலாவது பெரிய காரணம் தண்ணீரில் மூழ்குவதுதான் என்று சொல்லியிருக்கிறதாம். ஆறு, குளம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பாத்ரூம் பக்கெட்டே போதும் என்றாள். சின்னக் குழந்தைக்குத் தலை கனம். தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் போடாது.

"தண்ணியில விழுந்த பிள்ளையத் தூக்கினா என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டாள். பாதிப் பேர், "தலைகீழாப் பிடிச்சு, வயித்தை அமுக்கித் தண்ணியை எடுப்போம்" என்றோம். கூடவே கூடாதாம். அதில் போகிற நேரம்தான் உயிர். தட்டிக் கூப்பிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், மார்பின் நடுவில் உள்ளங்கை அடியால் விடாமல் அழுத்த வேண்டும். அதே சமயம் இன்னொருவர் 108-க்குப் போன் பண்ண வேண்டும். குழந்தை கண் விழித்துச் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டியே ஆக வேண்டும், நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துத் தொந்தரவு கொடுக்கும். படித்தால் வராது, கையால் செய்து பழக வேண்டும் என்று ஒவ்வொருவரையும் செய்ய வைத்தாள். உங்கள் பக்கத்திலும் நர்ஸோ டாக்டரோ இருந்தால் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு காபிச் செலவுதான்.

அன்று பேச்சு மூடாத ஆழ்துளைக் கிணறுகளுக்கும் போயிற்று. போகாமல் இருக்குமா? மணப்பாறை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. திருச்சி ரோட்டில் போனால் வந்துவிடும். அங்கே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25-ம் தேதி சாயங்காலம் இரண்டு வயசுப் பையன், வீட்டுப் பக்கத்திலிருந்த பழைய ஆழ்துளைக் குழிக்குள் விழுந்தான். 27-ம் தேதி தீபாவளி. ஊர் உலகமே டி.வி. முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது. 29-ம் தேதி விடியற்காலையில் உயிரில்லாத உடம்பைத்தான் எடுத்தார்கள். கைவிட்ட குழியை மண்ணோ கல்லோ போட்டு அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியிருந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படித் தோண்டிப் பார்த்துக் கைவிட்ட குழி ஒன்றாவது இருக்கும். எங்கள் காலனிக்குப் பின்னால் காலி மனையில் ஒன்று இருந்தது. மேலே ஒரு கிழிந்த சாக்கு. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் நடந்தோம்! மனைக்காரர் வெளியூரில். வாத்தியாரே போன் பண்ணிப் பேசினார், பலகையிலும் எழுதினார். மூன்று வாரம் இழுத்தடித்தபின் ஒரு டிராக்டர் மண் வந்து கொட்டியது.

என் கதையைப் பலகையில் எழுதலாமா என்று வாத்தியார் கேட்டார். பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். "நம் காலனியில் ஒரு வீட்டில் நேற்று ஒரு குழந்தை ஒரு நூலிழையில் பிழைத்தது. மூடி திறந்திருந்தது" என்று எழுதினார். யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். என் அழுகைச் சத்தம் அப்படி! முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் வெல்டிங் பையன் எங்கள் தெருவை விட்டு வெளியே போகவே இல்லை. ஒன்பது கிராதி போட்டான். எதிர் வீட்டு மாமி மட்டும், "எங்க வீட்டில்தான் குழந்தையே இல்லையே" என்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தை பந்து பொறுக்க உங்கள் வாசலுக்குத்தானே மாமி வரும் என்று தினம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை மறுபடி வந்தாள். வருவாளோ மாட்டாளோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். பையனுக்கு இரண்டு வயசு தாண்டிவிட்டது. நேராகத் தொட்டி மூடியிடம் போய்ப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். வரவில்லை. என்னைப் பார்த்து, "பெரிம்மா, தொற" என்றான். தங்கை சிரித்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது, அவர்கள் தெருவில் பழைய கிணறு வைத்திருக்கிற இரண்டு வீடுகளுக்காகப் பூட்டு வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் நாகல்நகர் போக வேண்டும்.